ஸ்வீடிஷ் பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

ஸ்டாக்ஹோமில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் கனடாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். மூன்று ஆண்டு முழுநேரம் படித்து வாங்கிய பொறியியல் பட்டம் கையில் இருந்தது. கல்வித் தகுதி என்ற கட்டத்தில் அவர் எழுதியது இதுதான்: 'ஹை ஸ்கூல் இன்ஜினியர், 180 பாயிண்ட்ஸ்'. இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில் ஒரே ஒரு கேள்வி: பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஏதாவது படித்திருக்கிறீர்களா?

அவர் பொய் எழுதவில்லை. ஸ்வீடிஷ் மொழியில் அவருடைய பட்டத்துக்கு 'ஹோக்ஸ்கூலே இன்ஷெனியோர்' என்று பெயர். 'ஹோக்' என்றால் உயர்ந்த, 'ஸ்கூலா' என்றால் பள்ளி. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் அவர் எழுதியதுதான் வரும். ஆனால் ஸ்வீடனில் 'ஹோக்ஸ்கூலா' என்பது பட்டம் தரும் உயர்கல்வி நிறுவனம். அந்த ஒரு சொல்லில் மூன்று ஆண்டு உழைப்பு காணாமல் போனது. அந்தப் பதிலை அவர் எனக்கு அனுப்பிக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. ஏனென்றால் அதே தவறோடு இன்னும் எத்தனை விண்ணப்பங்கள் பதிலே வராமல் போயிருக்கும்!

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே ஸ்வீடனில் படிக்க வந்தவர்களுக்கும், இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும், நண்பர்களுக்காக இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்து தரத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் இத்தகைய தாள்களோடு புழங்கியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பட்டத்தின் பெயரை மொழிபெயர்க்க உட்காரக் கூடாது; அது எந்த நிலைப் படிப்பு என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நிலையைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு: தேதியும், படிப்பின் அளவைச் சொல்லும் புள்ளிக்கணக்கும். பெயர் கடைசியில்தான் வரும்.

ஸ்வீடிஷ் சொற்களைக் கீழே தமிழில் எழுதும்போது, தாளில் பார்த்தால் அடையாளம் தெரியும்படி எழுத்தை ஒட்டியே எழுதியிருக்கிறேன். பேச்சில் சில ஒலிகள் மாறும்.

முதல் படி: கையில் உள்ள தாள் எது?

ஸ்வீடிஷில் 'எக்ஸாமென்' என்றால் பட்டம். நாம் எழுதும் தேர்வுக்கு 'டென்டாமென்' என்று பெயர். மாணவர்கள் சுருக்கமாக 'டென்டா' என்பார்கள். 'எக்ஸாமென்' என்ற சொல்லைப் பார்த்து 'எக்ஸாம்' என்று எழுதிவிட்டால், பட்டம் ஒரு பரீட்சையாகச் சுருங்கிவிடும். நான் திருத்திய தாள்களில் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

பட்டச் சான்றிதழின் பெயர் 'எக்ஸாமென்ஸ்பெவீஸ்'. அதோடு 'எக்ஸாமென்ஸ்பிலாகா' என்ற இணைப்பு ஒன்று வரும். ஆங்கிலத்தில் இதுதான் 'டிப்ளமா சப்ளிமெண்ட்'. 2003 முதல் ஸ்வீடிஷ் உயர்கல்வி நிறுவனங்கள் பட்டச் சான்றிதழோடு இதைச் சேர்த்தே தருகின்றன. பலர் இதை உறையிலிருந்து எடுப்பதுகூட இல்லை. எடுத்துப் படியுங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும். எட்டுப் பகுதிகள் கொண்டது. பட்டம் எந்த நிலையைச் சேர்ந்தது என்று மூன்றாம் பகுதியும், ஸ்வீடன் கல்வி முறை எப்படி இயங்குகிறது என்று எட்டாம் பகுதியும் வெளிநாட்டு வாசகருக்காகவே எழுதப்பட்டவை. வெளிநாட்டில் உங்கள் பட்டத்தை எடைபோடும் மதிப்பீட்டாளரிடம் நீங்கள் சொல்ல நினைப்பதில் பாதியை அந்தத் தாளே சொல்லிவிடும்.

மூன்றாவது வகை, 'லாடோக்' என்ற மாணவர் பதிவேட்டு அமைப்பிலிருந்து எடுக்கும் படிப்புப் பட்டியல். 'ஸ்டூடியேஇன்டிக்' அல்லது 'ரெசுல்டாட்இன்டிக்' என்று தலைப்பு இருக்கும். நம் ஊர் மதிப்பெண் பட்டியல் போன்றது, ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்கிரிப்ட்'. இதைப் பட்டச் சான்றிதழ் என்று எழுதக் கூடாது.

ஒரு முக்கியமான செய்தி. ஸ்வீடனில் எல்லாப் பாடங்களையும் முடித்தாலும் பட்டம் தானாக வீட்டுக்கு வராது. நீங்கள்தான் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைத்த அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் பத்து ஆண்டு கழித்துத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பிக்காதவரை பட்டம் பெற்றதாக எழுதக் கூடாது. இத்தனை புள்ளிகள் முடித்திருக்கிறேன் என்று மட்டுமே எழுதலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. ஆகவே மொழிபெயர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலான சான்றிதழ்களில் ஸ்வீடிஷும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். அந்த ஆங்கிலப் பெயரைப் பல்கலைக்கழகம் தன் விருப்பத்துக்கு வைப்பதில்லை. ஸ்வீடனின் உயர்கல்வி மன்றமான யூ.எச்.ஆர். வகுத்த விதிகளின்படி வைக்கிறது. அங்கே உள்ளதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எடுத்து எழுதுங்கள். உங்களுக்கு வேறு பெயர் பொருத்தமாகத் தோன்றினாலும் சரி, மாற்ற வேண்டாம். பழைய சான்றிதழ்களுக்கும், ஸ்வீடிஷில் மட்டும் உள்ள தாள்களுக்கும், சுயவிவரக் குறிப்பில் விளக்கம் எழுதுவதற்கும்தான் மீதிப் படிகள் தேவைப்படும்.

இரண்டாம் படி: 2007 ஜூலை 1-க்கு முன்பா, பின்பா?

இந்தத் தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகள் தம் உயர்கல்வியை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பொலோனியா ஏற்பாட்டையொட்டி, ஸ்வீடன் அன்றிலிருந்து தன் உயர்கல்வியை மூன்று நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலை 'குருண்ட்நிவோ', அடுத்தது 'அவான்செராட் நிவோ', அதற்கு மேல் 'ஃபோர்ஸ்கார்நிவோ'. ஆங்கிலத்தில் முறையே 'ஃபர்ஸ்ட் சைக்கிள்', 'செகண்ட் சைக்கிள்', 'தேர்ட் சைக்கிள்'.

'குருண்ட்' என்றால் அடிப்படை. அதற்காக 'பேசிக் லெவல்' என்று எழுதினால், படிப்பவர் ஆரம்பப் பள்ளி என்றுதான் நினைப்பார். ஸ்வீடனின் ஒன்பதாம் வகுப்பு வரையிலான கட்டாயப் பள்ளிக்கு 'குருண்ட்ஸ்கூலா' என்று பெயர் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். 'ஃபர்ஸ்ட் சைக்கிள்' என்பது ஐரோப்பாவுக்கு வெளியே சிலருக்குப் புரியாது. அப்போது 'பேச்சலர்ஸ் லெவல்' என்று அருகில் சேர்த்துவிடுங்கள். அதேபோல 'அவான்செராட் நிவோ'வை 'அட்வான்ஸ்டு லெவல்' என்று விடுவது இலங்கை வாசகருக்குப் பெரிய பொறி. அவருக்கு அது ஏ.எல். பரீட்சை! 'செகண்ட் சைக்கிள், மாஸ்டர்ஸ் லெவல்' என்று எழுதினால் எவருக்கும் சந்தேகம் வராது. 'கிராஜுவேட்', 'போஸ்ட்கிராஜுவேட்' என்ற சொற்களை நான் தவிர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் 'கிராஜுவேட்' படிப்பு என்பதைப் பிரிட்டனில் 'போஸ்ட்கிராஜுவேட்' என்கிறார்கள். எந்த நாட்டுக்காரர் படிக்கப் போகிறார் என்று தெரியாமல் இரண்டையும் நம்ப முடியாது.

அந்தத் தேதிக்கு முன்பு படிக்கத் தொடங்கியவர்கள் பழைய முறையிலேயே 2015 ஜூன் இறுதி வரை பட்டம் பெற முடிந்தது. ஆகவே 2012 என்று தேதியிட்ட சான்றிதழிலும் பழைய பட்டம் இருக்கலாம். ஆண்டை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், எந்த வகைப் புள்ளியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாம் படி: புள்ளியை எண்ணுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர். இங்கே பொறுமையாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஸ்வீடிஷில் புள்ளிக்குப் 'பொயெங்' என்று பெயர். பழைய முறையில் ஒரு வார முழுநேரப் படிப்புக்கு ஒரு பொயெங், ஓராண்டுக்கு 40. 2007 ஜூலையிலிருந்து 'ஹோக்ஸ்கூலேபொயெங்' வந்தது. தாளில் சுருக்கமாக எச்.பி. என்று இருக்கும். இதில் ஓராண்டுக்கு 60, வாரத்துக்கு 1.5. ஐரோப்பியப் புள்ளியான ஈ.சி.டி.எஸ். கணக்கும் இதுவும் ஒன்றே. பழையதைப் புதியதாக்க 1.5-ஆல் பெருக்க வேண்டும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? 2004-இல் பட்டம் பெற்ற ஒருவரின் தாளில் '120 பொயெங்' என்று இருக்கிறது. அதை '120 கிரெடிட்ஸ்' என்று எழுதினால், இன்றைய கணக்கில் அது இரண்டு ஆண்டு. உண்மையில் அவர் படித்தது மூன்று ஆண்டு, அதாவது 180. ஒரு பெருக்கலை விட்டதால் முழுப் பட்டதாரி ஒருவர் பாதியில் நின்றவராகிவிடுவார். எனவே பழைய தாள் என்றால் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: '120 பழைய ஸ்வீடிஷ் புள்ளிகள், இன்றைய 180 ஈ.சி.டி.எஸ். புள்ளிகளுக்குச் சமம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

படிப்பவர் எந்த நாட்டவர் என்பதும் இங்கே கணக்கில் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுக்கு வழக்கமாக 30 கிரெடிட். அங்கே நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு 120. பிரிட்டனில் ஓராண்டுக்கு 120. மூன்று ஆண்டுக்கு 360. ஸ்வீடனின் 180 என்ற எண்ணைப் பார்த்து அமெரிக்கர் ஆறு ஆண்டு என்றும், பிரிட்டிஷ்காரர் ஒன்றரை ஆண்டு என்றும் நினைக்க வழி இருக்கிறது. இதைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: 60 கிரெடிட் என்பது ஓராண்டு முழுநேரப் படிப்பு. நான் எழுதும் எல்லா விளக்கக் குறிப்புகளிலும் இந்த வாக்கியத்தை முதலில் வைத்துவிடுகிறேன்.

இன்னொரு வலையும் இருக்கிறது. 'பொயெங்' என்ற சொல் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சொந்தமானதில்லை. நம் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு இணையான மூன்று ஆண்டு 'யிம்னாசியம்' படிப்பை முடித்தவரின் தாளில் வழக்கமாக 2500 பொயெங் இருக்கும். தொழில்சார் உயர்கல்வி தரும் 'யூர்க்கெஸ்ஹோக்ஸ்கூலா'வில் வாரத்துக்கு 5, ஆண்டுக்கு 200 என்று எண்ணுவார்கள். அங்கே இரண்டு ஆண்டு படித்தவரின் 400-ம், பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டு படித்தவரின் 300-ம் வெவ்வேறு நாணயங்கள். பெரிய எண் பெரிய படிப்பு ஆகாது. எந்த நிறுவனத்தின் புள்ளி என்று பார்க்காமல் எண்ணை எடுத்து எழுதவே கூடாது.

நான்காம் படி: பொதுப் பட்டங்களின் பெயர்

நிலையும் புள்ளியும் தெரிந்த பிறகு பெயருக்கு வரலாம். முதல் நிலையில் இரண்டு பொதுப் பட்டங்கள் உண்டு. 120 புள்ளிக்கு 'ஹோக்ஸ்கூலே எக்ஸாமென்'. ஆங்கிலத்தில் 'ஹையர் எஜுகேஷன் டிப்ளமா'. 180 புள்ளிக்குக் 'கண்டிடாட் எக்ஸாமென்'. அதுதான் பேச்சலர் பட்டம். முன்னது தமிழ்நாட்டுக்குத் திரும்பும்போது தொல்லை தரும். நம் ஊரில் டிப்ளமா என்றால் பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் சேர்ந்து படிப்பது என்றுதான் காதில் விழும். ஸ்வீடனில் அது பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்குப் பின் இரண்டு ஆண்டு உயர்கல்வி. அதை ஒரு வரியில் விளக்குங்கள். பேச்சலர் என்று மட்டும் ஏற்றி எழுதாதீர்கள்.

'கண்டிடாட்' என்ற சொல்லை 'கேண்டிடேட்' என்று எழுதினால், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்று பொருளாகிவிடும். பட்டத்தை முடித்தவரை விண்ணப்பதாரர் ஆக்கிவிடும் தவறு அது. அதற்கு முன்னால் வரும் 'ஃபிலொசொஃபியே' என்ற அடைமொழிக்கும் தத்துவப் பாடத்துக்கும் தொடர்பில்லை. இயற்பியல் படித்தவருக்கும் 'ஃபிலொசொஃபியே கண்டிடாட்' என்று இருக்கலாம். ஆங்கிலத்தில் பாடத்தைப் பொறுத்து 'பேச்சலர் ஆஃப் சயன்ஸ்' என்றோ 'பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' என்றோ அமையும். முனைவர் பட்டத்திலோ அது 'டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி' என்று அப்படியே நிற்கும்.

இரண்டாம் நிலையில் 'மகிஸ்டர்', 'மாஸ்டர்' என்று இரண்டு இருப்பதுதான் பலரையும் தடுமாற வைக்கிறது. மகிஸ்டர் 60 புள்ளி, ஓராண்டு. மாஸ்டர் 120 புள்ளி, இரண்டு ஆண்டு. ஆங்கிலத்தில் இரண்டுமே 'டிகிரி ஆஃப் மாஸ்டர்'தான். அதனால் பெயருக்குப் பின்னால் 60 கிரெடிட்ஸ் அல்லது 120 கிரெடிட்ஸ் என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு வைத்ததில்லை, அது பட்டப்பெயரின் பகுதி. ஓராண்டுப் படிப்பு படித்தவர் அந்த எண்ணை விட்டுவிட்டு எழுதினால், மதிப்பீட்டில் பிடிபடும்போது மறைத்ததாகத் தோன்றும். இரண்டு ஆண்டு படித்தவர் விட்டுவிட்டால் தனக்குரிய ஓராண்டை இழப்பார். சில பழைய சான்றிதழ்களில் எண்ணுக்குப் பதிலாக 'ஒன் இயர்', 'டூ இயர்ஸ்' என்று இருக்கும். அப்படி இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

2007-க்கு முந்தைய மகிஸ்டர் வேறு பிராணி. அது பெரும்பாலும் 160 பழைய பொயெங், மொத்தம் நான்கு ஆண்டு. பேச்சலருக்கு மேல் தனியாக ஓராண்டு என்று எண்ணாமல் முழுப் படிப்பையும் சேர்த்து எண்ணியது. இன்றைய அளவில் 240 புள்ளி. பழைய மகிஸ்டர் தாளுக்கு இன்றைய 60 கிரெடிட்ஸ் என்ற வாலை ஒட்டுவது தவறு.

மூன்றாம் நிலையில் 'டொக்டோர்ஸ் எக்ஸாமென்', 240 புள்ளி. இதில் சிக்கல் இல்லை. இடையில் 'லிசென்சியாட் எக்ஸாமென்' என்று குறைந்தது 120 புள்ளி கொண்ட ஆய்வுப் பட்டம் ஒன்று உண்டு. அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயர் 'டிகிரி ஆஃப் லைசன்ஷியேட்'. ஆங்கிலத்தில் 'லைசன்ஸ்' என்ற சொல்லோடு இது குழம்பும். அதைவிட மோசம், போலந்தில் ஏறக்குறைய இதே பெயர் பேச்சலர் நிலைப் பட்டத்துக்கு இருப்பது. ஆகவே 'தேர்ட் சைக்கிள்' என்பதையும் 120 புள்ளி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நம்மவர்களுக்கு எம்.ஃபில். என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். இரண்டும் ஆய்வு சார்ந்தவை என்பதைத் தவிர அளவில் ஒத்துப்போவதில்லை. இந்தியாவிலேயே அந்தப் பட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாம் படி: தொழிற்பட்டங்கள், குறிப்பாக 'சிவில்'

தமிழர்களில் பொறியியல் படித்தவர்கள் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 'சிவில் இன்ஷெனியோர்' என்று தாளில் பார்த்ததும் நமக்குக் கட்டடமும் சிமெண்டும் பாலமும்தான் நினைவுக்கு வரும். நம் ஊரில் சிவில் இன்ஜினியர் என்றால் அவர்தான். ஸ்வீடனில் கணினி படித்தவரும் சிவில் இன்ஷெனியோர், வேதியியல் தொழில்நுட்பம் படித்தவரும் சிவில் இன்ஷெனியோர், மின்னியல் படித்தவரும் அப்படியே. ராணுவப் பொறியாளர்களிடமிருந்து பிரித்துக்காட்ட வந்த பழைய சொல் அது. இன்று 300 புள்ளி, ஐந்து ஆண்டுப் பொறியியல் பட்டம் என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலத்தில் 'டிகிரி ஆஃப் மாஸ்டர் ஆஃப் சயன்ஸ் இன் இன்ஜினியரிங்'. மென்பொருள் படித்த பெண் 'சிவில் இன்ஜினியர்' என்று எழுதி, கட்டுமான நிறுவனங்களிலிருந்து அழைப்பு வந்த கதை எனக்குத் தெரியும். அவர் தேடிய வேலைக்கு ஓர் அழைப்பும் வரவில்லை.

தொடக்கத்தில் சொன்ன தம்பியின் ஹோக்ஸ்கூலே இன்ஷெனியோர் பட்டம் 180 புள்ளி. ஆங்கிலத்தில் 'டிகிரி ஆஃப் பேச்சலர் ஆஃப் சயன்ஸ் இன் இன்ஜினியரிங்'. அந்த வரியை மாற்றி அனுப்பினார்.

சில தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் ஒரே ஐந்தாண்டுப் படிப்புக்குச் சிவில் இன்ஷெனியோர் பட்டமும் மாஸ்டர் பட்டமும் சேர்ந்து கிடைக்கும். இரண்டையும் எழுதலாம், ஆனால் ஒரே காலத்தில், ஒரே படிப்பின் பகுதியாகப் பெற்றவை என்று ஆண்டுகளைத் தெளிவாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஏழாண்டுப் படிப்பு போலத் தெரியும். பின்னால் கேள்வி வரும்.

மற்றவை சுருக்கமாக. 'சிவில் எகனோம்' 240 புள்ளி. வணிகமும் பொருளியலும் சார்ந்த 'மாஸ்டர் ஆஃப் சயன்ஸ்'. சட்டப் பட்டமான 'யுரிஸ்ட் எக்ஸாமென்' 270 புள்ளி, 'மாஸ்டர் ஆஃப் லாஸ்'. செவிலியர் பட்டம் 180, 'பேச்சலர் ஆஃப் சயன்ஸ் இன் நர்சிங்'. மருத்துவப் பட்டம் முன்பு 330 புள்ளியாக இருந்தது; 2021 இலையுதிர் பருவத்திலிருந்து தொடங்கிய புதிய படிப்பு 360. மருத்துவர்களும் செவிலியர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் பல்கலைக்கழகம் தருவது. தொழில் செய்யும் உரிமமான 'லெகிடிமாஷூன்' சுகாதார நல வாரியமான சொசியால்ஸ்டைரெல்சென் தருவது. விண்ணப்பத்தில் இரண்டையும் இரண்டு வரியாக, தனித்தனித் தேதியோடு எழுதுங்கள்.

'யூர்க்கெஸ் எக்ஸாமென்' என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் அது மருத்துவர், பொறியாளர் போன்ற தொழிற்பட்டங்களின் பொதுப்பெயர். யிம்னாசியத்திலோ தொழிற்பிரிவில் படித்து முடித்த பள்ளிச் சான்றுக்கும் அதே பெயர். அங்கேயே பொதுப்பிரிவில் முடித்தவர்களின் சான்றில் 'ஹோக்ஸ்கூலே' என்று தொடங்கும் நீண்ட சொல் ஒன்று இருக்கும். அதன் பொருள் உயர்கல்விக்குத் தயார்செய்வது என்பது. உயர்கல்விப் பட்டம் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடக் கூடாது. தாளின் தலைப்பில் யார் கொடுத்தது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆறாம் படி: நிறுவனத்தின் பெயரைத் தொடாதீர்கள்

ஹோக்ஸ்கூலாவுக்குப் பொதுவாக 'யுனிவர்சிட்டி காலேஜ்' என்பது ஆங்கில வழக்கு. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறது. கோத்தன்பர்க்கில் உள்ள சால்மர்ஸ் ஸ்வீடிஷில் ஹோக்ஸ்கூலா, ஆங்கிலத்தில் 'யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி'. ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். ஆங்கிலத்தில் 'ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி'. அவரவர் வைத்த பெயரையே எழுத வேண்டும். பெயர் மாறியவையும் உண்டு: மால்மோ 2018-இலும் மெலார்டாலென் 2022-இலும் ஹோக்ஸ்கூலாவிலிருந்து பல்கலைக்கழகம் ஆயின. பழைய சான்றிதழ் என்றால் அதில் உள்ள பெயரை எழுதி, இன்றைய பெயரை அடுத்துக் குறிப்பிடுங்கள்.

ஏழாம் படி: மதிப்பெண் என்ற முள்

நம் மக்கள் ஃபர்ஸ்ட் கிளாஸா, எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பழகியவர்கள். விண்ணப்பப் படிவங்களும் கேட்கும். ஸ்வீடிஷ் பட்டத்துக்கு மொத்த மதிப்பெண்ணோ வகுப்போ கிடையாது; பாடத்துக்குப் பாடம்தான் மதிப்பீடு. இல்லாத சதவீதத்தை நீங்களே கணக்குப் போட்டு எழுதாதீர்கள். 'ஓவரால் கிரேட் நாட் அவார்டட்' என்று எழுதிப் படிப்புப் பட்டியலை இணைத்துவிடுங்கள்.

பாட மதிப்பீட்டில் பல இடங்களில் மூன்றே எழுத்துக் குறிகள்: யூ, ஜி, வி.ஜி. முதலாவது தேறவில்லை, இரண்டாவது தேர்ச்சி, மூன்றாவது சிறப்புத் தேர்ச்சி. ஆங்கிலத்தில் 'ஃபெயில்', 'பாஸ்', 'பாஸ் வித் டிஸ்டிங்ஷன்'. ஏ முதல் எஃப் வரை பார்த்துப் பழகிய ஒருவர் 'ஜி' என்று பார்த்தால், எஃப்-ஐயும் தாண்டிய தோல்வி என்று நினைப்பார்! குறியைத் தனியாக விடாமல் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். பொறியியலில் 3, 4, 5 என்று இருக்கும். அதில் 3 தேர்ச்சி. நான்குக்கு மூன்று என்ற அமெரிக்கக் கணக்கோடு அதைக் குழப்ப விடக் கூடாது.

பாட நிலைக் குறியீட்டிலும் ஒரு விசித்திரம். பழைய பாடப் பட்டியலில் 'ஏ' நிலை என்றால் முதல் பருவத்துத் தொடக்கப் பாடம்; பி, சி, டி என்று மேலே போகும். இன்றைய குறியீட்டில் 'ஏ' என்று தொடங்கினால் அவான்செராட், அதாவது மாஸ்டர் நிலை. 'ஜி' என்று தொடங்கினால் குருண்ட்நிவோ. ஒரே எழுத்து, காலம் மாறியதும் அடியிலிருந்து உச்சிக்குப் போய்விட்டது. இரண்டாம் படியில் தேதியைப் பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

எட்டாம் படி: வரியை எழுதுங்கள்

எல்லாம் சேர்ந்த பிறகு நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயர். அடுத்து, சாய்வெழுத்தில் ஸ்வீடிஷ் பெயர், சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலோடு. எழுத்துகளின் தலையில் உள்ள புள்ளிகளையும் வட்டங்களையும் விடாமல். அடுத்து முதன்மைப் பாடம். பிறகு புள்ளியும் நிலையும். கடைசியில் நிறுவனமும் பட்டம் வழங்கிய தேதியும். உதாரணமாக, 'டிகிரி ஆஃப் மாஸ்டர் ஆஃப் சயன்ஸ், 120 கிரெடிட்ஸ், மாஸ்டர் எக்ஸாமென், மெயின் ஃபீல்ட் ஆஃப் ஸ்டடி: கம்ப்யூட்டர் சயன்ஸ், செகண்ட் சைக்கிள்' என்று தொடங்கி நிறுவனப் பெயரில் முடியும். நீளமாகத்தான் இருக்கும். இடம் குறைவு என்றால் வேறு எதையாவது சுருக்குங்கள். ஸ்வீடிஷ் பெயரையும் புள்ளியையும் வெட்டாதீர்கள். மதிப்பீட்டாளர் தன் பட்டியலில் தேடிப் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

சந்தேகம் வந்தால் யூ.எச்.ஆர். நடத்தும் ஸ்வீடிஷ்–ஆங்கில உயர்கல்விச் சொல்லகராதியை இணையத்தில் பாருங்கள். இலவசம். பொதுவான இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு வருவதை இந்த அகராதியோடு ஒப்பிடாமல் ஒருபோதும் அனுப்ப வேண்டாம். ஸ்வீடிஷில் மட்டும் உள்ள பழைய தாளுக்கு முத்திரையோடு மொழிபெயர்ப்பு கேட்டால், காமர்கொலேகியெட் என்ற அரசு அமைப்பு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும். நண்பர்கள் செய்து தர முடியாது. நானும் அப்படிப்பட்ட தாள்களைத் திருப்பிக் கொடுத்து வழி மட்டும் சொல்லி அனுப்புகிறேன். அதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பழைய பட்டத்துக்கு ஆங்கிலத்தில் உறுதிக் கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். கிடைத்துவிட்டால் மொழிபெயர்ப்பாளருக்கான செலவு மிச்சம்.